ஊரின் பாதுகாப்பு எந்தக் கூட்டத்தில் முடிவாகிறது?

மன்னார்குடியைப் பற்றிப் பேசும்போது ‘கோயில் பாதி, குளம் பாதி’ என்பார்கள். ராஜகோபால சுவாமி கோயிலின் மதிலும், குளமாக இருந்தும் நதி என்று பெயர் வாங்கிய 23 ஏக்கர் ஹரித்ரா நதியும் அந்தப் பேச்சுக்குச் சாட்சி. அவற்றைச் சுற்றி, 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, 66,999 பேர் 33 வார்டுகளில் வாழ்கிறார்கள். சராசரியாக ஒரு வார்டுக்கு இரண்டாயிரம் பேர். இரவில் இவர்கள் நடக்கும் தெருவில் வெளிச்சம் உண்டா, ஐப்பசி மழை வீட்டுக்குள் வருமா, பள்ளிக்கூட வாசலில் நாய்க்கூட்டம் நிற்குமா, பங்குனித் திருவிழா நெரிசலில் ஆம்புலன்ஸ் நுழைய வழி கிடைக்குமா என்பதெல்லாம் எங்கே முடிவாகிறது? பாதுகாப்பு என்றதும் நம் கை காவல் நிலையத்தைத்தான் காட்டும். திருட்டுக்கும் அடிதடிக்கும் அது சரியான பதில். இங்கே அடுக்கிய கேள்விகளில் பெரும்பாலானவற்றின் விடை, மாதந்தோறும் கூடும் நகர்மன்றக் கூட்டத்தின் தீர்மானங்களில் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு ஊரில் எவ்வளவு கவனம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே ஊரின் பாதுகாப்பும் அமையும்.

மன்னார்குடி நகராட்சிக்கு வயது அதிகம். 1865-ல் சென்னை மாகாணத்துக்கு நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது. மறு ஆண்டே, 1866-ல், மன்னார்குடி நகராட்சி ஆனது. அந்தச் சட்டம் சாலை, துப்புரவு ஆகியவற்றோடு நகரக் காவல் செலவில் ஒரு பங்கையும் நகராட்சியின் தலையில் வைத்தது. 1871-ல் வந்த அடுத்த சட்டம் காவல் செலவை இறக்கிவைத்தது. அதன் பிறகு காவல் வேறு, நகராட்சி வேறு என்றாகிவிட்டது. ஆனால் காவல் போனபோது பாதுகாப்பு முழுவதும் அதோடு போய்விடவில்லை. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளுக்கு உரியவை என்று 18 பொறுப்புகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் வரிசைப்படுத்தியது. கட்டடங்களை ஒழுங்குபடுத்துவது, சாலை, பாலம், குடிநீர், பொதுச் சுகாதாரம், தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம், இறைச்சிக் கூடம், சுடுகாடு எல்லாம் அதில் உண்டு. தீயணைப்புப் பணியும் உண்டு. தமிழ்நாட்டில் அது மாநில அரசின் தனித் துறையாகவே இன்றும் நீடிக்கிறது. அட்டவணையில் ‘பாதுகாப்பு’ என்ற தலைப்பு மட்டும் இல்லை. அது அந்தப் பதினெட்டுக்குள்ளும் சிதறிக் கிடக்கிறது.

நகர்மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிதறல் கண்ணெதிரே தெரியும். ஒவ்வொரு பொருளும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். வார்டு எண், தெருவின் பெயர், செய்யவேண்டிய வேலை, மதிப்பீட்டுத் தொகை, பணம் பொது நிதியிலிருந்தா, அரசுத் திட்டத்திலிருந்தா என்ற குறிப்பு, வந்த ஒப்பந்தப்புள்ளிகள், கடைசியில் ‘மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது’ என்ற வரி. தெருவிளக்குப் பராமரிப்பு ஒரு பொருள். வடிகால் தூர்வாருவது இன்னொன்று. நாய்களுக்குக் கருத்தடை செய்வது வேறொன்று. தொகை எவ்வளவு என்று அதில் இருக்கும். இந்த வேலை நடக்காவிட்டால் யாருக்கு என்ன ஆகும் என்று இருக்காது. உறுப்பினர்கள் தங்கள் வார்டு எண் வரும் பொருளைத் தேடுகிறார்கள். அது இருந்தால் மகிழ்ச்சி, இல்லாவிட்டால் சண்டை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. காகிதம் எப்படி எழுதப்படுகிறதோ அப்படித்தான் பேச்சும் போகும்.

இந்தச் சிதறலுக்கு நம் காவிரிப் படுகை கொடுத்த விலையை எண்ணிப் பார்க்க வேண்டும். 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயிலில் குடமுழுக்குக்காகப் போட்டிருந்த யாகசாலைப் பந்தல் தீப்பிடித்து, நெரிசலும் சேர்ந்து 48 பேர் இறந்தார்கள். 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் எரிந்து, மணமகன் உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அடுத்த ஆறாவது மாதம், ஜூலை 16 அன்று, மன்னார்குடியிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் கும்பகோணத்தில், காசிராமன் தெருப் பள்ளி எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். மூன்று இடத்திலும் எரிந்தது பந்தலும் கூரையும்தான். மூன்று இடத்திலும் வெளியேறும் வழி போதவில்லை. அப்படியிருந்தும் முதல் தீ கற்றுத்தந்த பாடம் இரண்டாவது இடத்துக்குப் போகவில்லை. இரண்டாவது இடத்தின் பாடம் மூன்றாவது இடத்துக்குப் போகவில்லை. முதலாவது கோயில் விபத்து, அடுத்தது மண்டப விபத்து, மூன்றாவது பள்ளி விபத்து என்று ஒவ்வொன்றும் தனித்தனித் துறையின் கோப்புக்குள் போய்ச் சேர்ந்தது. கீற்றுக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஊர் முழுவதையும் ஒன்றாகப் பார்க்கும் ஒரு மேசை இருந்திருந்தால், பெரிய கோயில் தீக்கு மறுநாளே ‘நம் ஊரில் கீற்றின் கீழே கூட்டம் கூடும் இடங்கள் எத்தனை?’ என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

கும்பகோணத்தை இன்னும் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்கலாம். சத்துணவு சமைத்த கீற்றுக் கொட்டகையில் பிடித்த தீ, மாடி வகுப்பறைகளின் கூரைக்குத் தாவியது. ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் நடந்தன. மாடியில் இருந்த சிறு பிள்ளைகள் இறங்குவதற்கு இருந்தது குறுகலான படி. இது எதுவும் இரவோடு இரவாக முளைத்ததல்ல. ஒரு தனியார் பள்ளி இயங்கக் கட்டடத்தின் உறுதிக்குப் பொறியாளர் சான்று, கட்டட உரிமத்துக்கு வட்டாட்சியர், தீத்தடுப்புக்குத் தீயணைப்புத் துறை, சுகாதாரத்துக்கு ஒரு சான்று, இத்தனைக்கும் மேலே கல்வித் துறையின் அங்கீகாரம், கட்ட அனுமதி தரும் நகராட்சி என்று வரிசையாகக் கையெழுத்துகள் வேண்டும். ஒவ்வொருவரும் தன் காகிதத்தைப் பார்த்தார்கள். கீழே அடுப்பு, மேலே கீற்று, நடுவே ஒடுங்கிய படி என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு எவருக்கும் இல்லை. நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. வழக்கு நடந்து, பத்து ஆண்டுகள் கழித்து, 2014 ஜூலை 30 அன்று பத்துப் பேருக்குத் தண்டனையும் பதினொரு பேருக்கு விடுதலையும் கிடைத்தன. நாட்டின் எல்லாப் பள்ளிகளுக்கும் தீப் பாதுகாப்பு நெறிகளைக் கட்டாயமாக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2009-ல் வந்ததற்கும் இந்தத் தீயே தூண்டுதல். இவ்வளவும் நடந்தது பிள்ளைகள் போன பிறகு. அந்தத் தெருவாசிகள் தினமும் அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தார்கள். அவர்கள் பார்த்ததைச் சொல்ல ஓர் இடமும், சொன்னதை எழுதிவைத்துப் பதில் கேட்க ஒரு புத்தகமும் இருந்திருக்க வேண்டும்.

தீயை விட்டுவிட்டுச் சாலைக்கு வருவோம். படுகை ஊர்களின் பழைய தெருக்களில் ஒரு காட்சி பொதுவானது. திண்ணையும் மூன்று படியுமாக உயர்ந்து நின்ற வீடு, இன்று சாலையிலிருந்து கீழே இறங்கிப் போகும்படி ஆகியிருக்கும். வாசற்படி மண்ணுக்குள் போகவில்லை. சாலைதான் மேலே வந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஒவ்வொரு முறையும் புதுத் தார் போட்டதன் விளைவு. மழைநீர் வடிகாலுக்குப் போகாமல் வீட்டுக்குள் போகிறது. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு 2021 மே மாதம் அறிவுறுத்தியதற்கு இதுவே காரணம். வீட்டுக்குள் தண்ணீர் என்பது கண்ணுக்குத் தெரியும் பக்கம். தெரியாத பக்கம் தலைக்கு மேலே இருக்கிறது. சாலை உயர உயர, மின்கம்பிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாவின் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. சாலை உயர்த்தப்பட்டிருந்ததும் ஒரு காரணமாக அப்போது பேசப்பட்டது. சாலை போட்டவர் கம்பியை அளக்கவில்லை, கம்பிக்கு உரியவர் சாலையை அளக்கவில்லை, தேர் கட்டியவர் இரண்டையும் அளக்கவில்லை என்றால் தவறு யாருடையது? மூவருக்கும் நடுவே இருந்த வெற்றிடத்துடையது. மன்னார்குடியில் பங்குனியில் பதினெட்டு நாள் விழா. வெண்ணெய்த்தாழிக்கும் தேருக்கும் சுற்று வட்டாரமே வந்து கூடும். ராஜவீதிகளில் தார் எத்தனை அங்குலம் ஏறியிருக்கிறது, கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டு எண்களும் ஒரே தாளில் வரவேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கும் இயல்பான இடம் நகர்மன்றம்.

நகர்மன்றமே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்றுதான். இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள் நிர்வாகம். அந்த இடைவெளியின் நடுவே, 2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்து திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைப் புரட்டிப்போட்டது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன, ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. அதிகாரிகளும் மின்வாரியத் தொழிலாளர்களும் இரவு பகலாக உழைத்தார்கள்; அதை மறுக்க முடியாது. ஆனால் எந்தத் தெருவில் படுத்த படுக்கையாய் ஒரு முதியவர் இருக்கிறார், எந்தச் சந்தில் டேங்கர் லாரி நுழையாது என்பது, மாவட்டம் விட்டு மாவட்டம் மாறி வரும் அலுவலரைவிட அந்த வார்டிலேயே வாக்குக் கேட்டு வென்றவருக்கு நன்றாகத் தெரியும். கவுன்சிலர்கள் இருந்திருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. யார் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பது என்ற கேள்விக்கு ஒரு விடையாவது இருந்திருக்கும்.

இதற்கு வரும் மறுப்புகள் லேசானவையல்ல. முதலாவது, ‘நகராட்சிக்கு அதிகாரம் ஏது?’ என்பது. காவல், மின்வாரியம், நெடுஞ்சாலை, தீயணைப்பு எல்லாம் மாநிலத்தின் கையில். நகராட்சிக்குள்ளேயே கட்டட அனுமதி போன்றவை ஆணையரின் பொறுப்பு. மன்றம் அவருக்குக் கட்டளை போட முடியாது. உண்மைதான். ஆனால் கட்டளை போடுவது ஒன்று, கணக்குக் கேட்பது இன்னொன்று. ‘இந்தத் தேர்வீதியின் கம்பி உயரம் என்ன?’ என்று நகர்மன்றம் தீர்மானமாக எழுதி மின்வாரியத்துக்கு அனுப்பினால், பதில் வந்தாலும் அது ஆவணம், வராவிட்டாலும் அது ஆவணம். விபத்துக்குப் பிறகு விசாரணைகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவது ‘யாருக்கு முன்பே தெரியும்?’ என்பதே. அந்தக் கேள்வி முன்கூட்டியே எழுத்தில் நின்றால், எந்தத் துறையும் எனக்குத் தெரியாது என்று கை விரிக்க முடியாது. அதிகாரம் குறைந்த மன்றத்துக்கும் இந்த ஒரு வலிமை உண்டு. பயன்படுத்தாமல் துருப்பிடிக்க விடுவது நம் தவறு.

இரண்டாவது மறுப்பு பணம். சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் தள்ளாடும் ஒரு நடுத்தர நகராட்சியிடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பது நியாயமா? பணம் வேண்டும்தான். ஆனால் பணம் வந்தால் பாதுகாப்பு தானே வந்துவிடும் என்பதும் சரியில்லை. லண்டனில் கென்சிங்டன் - செல்சி, இங்கிலாந்தின் மிகச் செல்வமான உள்ளாட்சிகளில் ஒன்று. 2017 ஜூன் 14 அன்று அங்கே கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எரிந்து 72 பேர் இறந்தார்கள். தீ ஆபத்து இருக்கிறது என்று அங்கு குடியிருந்தவர்கள் முன்பே எழுதி எச்சரித்திருந்தார்கள். 2024 செப்டம்பரில் வெளியான விசாரணையின் இறுதி அறிக்கை, அந்தக் கட்டடத்தை நிர்வகித்த அமைப்போடு உள்ளாட்சியின் அலட்சியத்தையும் சுட்டிக்காட்டியது. அங்கே பற்றாக்குறை பணத்தில் இல்லை, காது கொடுப்பதில் இருந்தது. நான் இங்கே சொல்பவற்றில் பெரும்பகுதி செலவில்லாதவை: சாலை வேலைக்கு அனுமதி கேட்கும் பொருளில் தரைமட்டத்தையும் கம்பி உயரத்தையும் வடிகால் சரிவையும் மூன்று வரியில் எழுதுவது, சென்ற கூட்டத்தில் உறுப்பினர் சொன்ன ஆபத்துக்கு என்ன செய்யப்பட்டது என்று இந்தக் கூட்டத்தில் முதல் பொருளாகப் படிப்பது. இதற்கு ஒரு குயர் காகிதம் போதும்.

மூன்றாவது, ‘கூட்டம் முழுக்கக் கட்சி அரசியல், மக்களும் வருவதில்லை’ என்பது. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள நகரங்களுக்குத்தான் வார்டு குழுக்களை அரசியல் சட்டம் கட்டாயமாக்குகிறது. அந்தக் கணக்கில் மன்னார்குடி வராது. ஆனால் தமிழ்நாடு 2022-ல் வகுத்த விதிகள் வார்டு குழுவையும் பகுதி சபையையும் நகராட்சி, பேரூராட்சி வரை கொண்டுவந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று, பகுதி சபைகள் கூடின; தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சரே அமர்ந்து கேட்டார். கிராம சபைக்கு ஈடாக நகரவாசிக்குக் கிடைத்த முதல் திண்ணை அது. மக்கள் வராததற்குக் காரணம் அக்கறையின்மை என்று நான் நம்பவில்லை. சொன்னது எங்கே போயிற்று என்று தெரியாததே காரணம். பகுதி சபையில் ஓர் அம்மா ‘எங்கள் தெருமுனை விளக்கு எரிவதில்லை, டியூஷன் முடிந்து பெண் பிள்ளை தனியாக வருகிறாள்’ என்று சொன்னால், அது நகர்மன்றப் பொருள் நிரலில் எண்ணோடு வரவேண்டும். விளக்கு எரிந்த தேதியும் அடுத்த சபையில் வாசிக்கப்பட வேண்டும். ஒருமுறை இது நடந்தால் அடுத்த முறை அந்தத் தெருவே வரும். 2022 தேர்தல் முதல் நகர்மன்ற இடங்களில் பாதி பெண்களுக்கு. இருட்டுத் தெருவின் அருமை தெரிந்தவர்கள் மன்றத்தில் உட்கார்ந்திருக்கும் காலம் இது. கட்சி வேறுபாடு தீர்மானத்தில் இருக்கட்டும்; எரியாத விளக்கு ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி பார்ப்பதில்லை.

நான்காவது மறுப்பே என்னை அதிகம் யோசிக்க வைப்பது. பாதுகாப்பு என்று கண்டிப்பு காட்டினால் முதலில் அடி வாங்குபவர் ஏழைதானே? நடைபாதைக் கடை போகும், கீற்றுக் கொட்டகை போகும், தெருநாய்க்குச் சோறு வைப்பவர் மீது கோபம் திரும்பும். இந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் இதற்கான மருந்தும் திறந்த கூட்டமே. ஓர் அலுவலரின் உத்தரவாக விடியற்காலையில் வரும் அகற்றலுக்கு எதிராகக் கடைக்காரர் எங்கே போய்ப் பேசுவார்? மன்றத்தில் பொருளாக வந்தால் மாற்று இடம் கேட்கலாம், அவகாசம் கேட்கலாம். நாய்ப் பிரச்சினையும் அப்படியே. கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என்று மத்திய அரசின் 2001 விதிகளும் 2023 விதிகளும் சொல்கின்றன; பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அப்புறப்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டது. அறுவைக்குக் கால்நடை மருத்துவர், கடித்தால் ஊசிக்கு அரசு மருத்துவமனை, பிடிக்கவும் பராமரிக்கவும் நகராட்சி என்று மூன்று கைகள் சேர வேண்டிய வேலை இது. மூன்றும் சேராத ஊரில் கல்லெறியும் விஷமும்தான் மிஞ்சும். அதில் நாயும் பிழைக்காது, குழந்தையும் பிழைக்காது.

ஆகவே நகர்மன்றத்தின் முன் வைக்கவேண்டியவை மூன்று. ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பொருள், சென்ற மாதம் ஊரில் சுட்டிக்காட்டப்பட்ட ஆபத்துகளும் அவற்றுக்கு நடந்த வேலையும் என்றிருக்கட்டும். ஒவ்வொரு சாலை, வடிகால், கட்டட வேலையின் குறிப்பிலும், இதனால் யாருக்கு என்ன ஆபத்து குறைகிறது அல்லது கூடுகிறது என்ற வரி ஏறட்டும். பொருள் நிரலும் தீர்மானங்களும் வார்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்படட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் நான்காவது பிரிவு, கேட்காமலே வெளியிடும் கடமையை அரசு அமைப்புகளுக்கு ஏற்கெனவே விதித்திருக்கிறது. கும்பகோணத்துக் கூரையும் களிமேட்டுக் கம்பியும் விபத்துக்கு முந்தைய நாள்வரை எல்லோர் கண்ணிலும் பட்டவை. எவர் காகிதத்திலும் ஏறாதவை. 2022-ல் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் நிறைவடைய வேண்டும். பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. இன்னொரு ஐந்தாண்டு வெற்றிடத்தை இந்தப் படுகை தாங்காது. வாக்குக் கேட்டு வருபவரிடம் சாலை போடுவீர்களா என்று கேட்பது நம் வழக்கம். இனி அந்தச் சாலையைப் போடும் முன் மேலே கம்பியையும் பக்கத்தில் வாசற்படியையும் அளப்பீர்களா, அளந்ததை மன்றத்தில் படிப்பீர்களா என்றும் கேட்போம்.